கிழக்கு ஆபிரிக்க எழுப்புதலும் கிராம வாழ்வும்

எழுப்புதல் என்றதும் எம்மிற் பலருக்கு நினைவில் வருவது பந்தல், ஒலிபெருக்கி, வெளியூர்ப் பிரசங்கியார், கண்ணீர், கைதட்டல் என்பனவே. முகாம்களில் வாழ்ந்தவர்கள் இத்தகைய கூட்டங்களைப் பல தடவை கண்டிருப்பார்கள். பந்தலைப் பிரித்த பின்னர், மறுநாட் காலையில் அயலவரோடு தண்ணீருக்கு வரிசையில் நிற்கும்போது எம்மிடையே என்ன மாறியிருக்கிறது? கூட்டம் நடத்துவோர் இந்தக் கேள்வியைக் கேட்பது குறைவு. கை உயர்த்தியோரின் தொகையை எண்ணிக்கொண்டு போய்விடுவார்கள்.

இந்தக் கட்டுரையில் நாம் அந்தக் கேள்வியையே எடுத்துக்கொள்கிறோம். 1900ஆம் ஆண்டளவில் ஆபிரிக்கரில் பத்துப் பேருக்கு ஒருவர் என்ற அளவிலேயே கிறிஸ்தவர்கள் இருந்தனர். இன்று ஏறக்குறைய அரைவாசிப் பேர் கிறிஸ்தவர்கள். இந்த வளர்ச்சியின் பெரும் பங்கு வெளிநாட்டு மிஷனரிமாரால் உண்டானதல்ல. அந்தந்த மண்ணிலேயே எழுந்த இயக்கங்களால் உண்டானது. அவற்றுள் ஒன்றை மட்டும் இங்கே சற்று நெருங்கிப் பார்ப்போம். அது 1930களில் ருவாண்டாவிலும் உகண்டாவிலும் தோன்றிய கிழக்கு ஆபிரிக்க எழுப்புதல். அதில் ஈடுபட்டோரில் மிகப் பெரும்பாலானோர் கமக்காரரும் மாடு வளர்ப்போரும். அதற்குப் பெரிய பணபலம் இருக்கவில்லை. பஞ்சம், காணிப் பிரச்சினை, போர், இடப்பெயர்வு எல்லாவற்றினூடாகவும் அது நடந்து வந்தது. அது சாதித்தவையும் பெரியவை, அது தவறிய இடமும் பெரியது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தாலே எமக்குப் பயன்.

கஹீனியில் தொடங்கியது

ருவாண்டாவின் கிழக்கே முஹாசி என்ற ஏரிக்கரையில் கஹீனி என்னும் ஊர் இருக்கிறது. அங்கே அங்கிலிக்கன் மிஷன் ஒரு வைத்தியசாலையை நடத்தியது. 1928இல் ஜோ சேர்ச் என்ற இளம் ஆங்கில வைத்தியர் அங்கு வேலைக்கு வந்தார். அவர் வந்த காலத்திலேயே அந்தப் பகுதியைக் கொடிய பஞ்சம் பிடித்தது. பட்டினியாலும் நோயாலும் சனங்கள் வைத்தியசாலை வாசலிலேயே விழுந்தனர். ஓராண்டுக்குள் வைத்தியர் உடலாலும் உள்ளத்தாலும் களைத்துப் போனார்.

1929 செப்டெம்பரில் ஓய்வுக்காக உகண்டாவின் கம்பாலா நகருக்குச் சென்ற அவர், நமிரெம்பே குன்றிலே சிமெயோனி நிசிபம்பி என்பவரைச் சந்தித்தார். நிசிபம்பி அரசாங்க சுகாதாரப் பகுதியில் வேலை பார்த்த ஆபிரிக்கர். இருவரும் இரண்டு நாட்கள் ஒன்றாயிருந்து வேதத்தைப் படித்து மன்றாடினர். இன்று வாசிக்கும்போது இது சாதாரண விடயமாகத் தோன்றலாம். அது குடியேற்ற ஆட்சிக் காலம் என்பதை நினைவில் வைத்தால் அதன் கனம் விளங்கும். வெள்ளைக்கார வைத்தியர் ஒருவர் ஆபிரிக்கர் ஒருவரிடம் தன் வெறுமையைச் சொல்லி உதவி கேட்டார். ஒருவருக்கொருவர் சமமாக உட்கார்ந்தனர். பின்னர் எழுந்த இயக்கத்தின் முழு இயல்பும் இந்த இரண்டு நாட்களுக்குள் அடங்கியிருந்தது எனலாம்.

நிசிபம்பி பின்பு தம் உத்தியோகத்தை விட்டு ஊழியத்தில் இறங்கினார். அவருடைய தம்பி பிளாசியோ கிகோசி கஹீனிக்கு ஆசிரியராகச் சென்றார். கஹீனி வைத்தியசாலை ஊழியருள் தலைமையானவராக இருந்த யோசியா கினூக்கா கம்பாலாவுக்குச் சென்று நிசிபம்பியைக் கண்டார். வைத்தியசாலை வேலை சீர்கெட்டிருப்பதைப் பற்றி அவர் முறையிட்டபோது, நிசிபம்பி அந்த முறைப்பாட்டை அவர் பக்கமே திருப்பிவிட்டார். சீர்கேட்டின் வேர் உங்கள் உள்ளங்களில் இருக்கிறது என்பதே அவர் சொன்னதன் சாரம். கினூக்கா மனமாறியவராய்த் திரும்பினார். 1933 டிசெம்பரில் கஹீனியில் நடந்த மாநாட்டின் முடிவில் ஒருவர் பின் ஒருவராக எழுந்து தத்தம் தவறுகளை எல்லோர் முன்னிலையிலும் அறிக்கையிட்டனர்.

1935இல் உகண்டாவின் தென்மேற்கிலுள்ள கிகேசி மாவட்டத்தில், கபாலே என்னும் இடத்தில் ஒரு மாநாடு நடந்தது. அடுத்த ஆண்டு தை மாதத்தில் கிகோசி காய்ச்சலால் இளவயதில் இறந்தார். சபை விழித்தெழ வேண்டும் என்ற அவருடைய அழைப்பு அவர் இறந்த பின்னரே அதிகமாகக் கேட்கப்பட்டது. 1930களின் இறுதிக்குள் இயக்கம் கென்யாவுக்கும் இன்றைய தான்சானியாவுக்கும் சென்றுவிட்டது. புருண்டி, தென் சூடான், கொங்கோவின் கிழக்குப் பகுதி என அது மேலும் பரவியது. உகண்டாவில் இவர்களைப் பலோக்கோலே என்றார்கள். லுகண்டா மொழியில் இரட்சிக்கப்பட்டவர்கள் என்று பொருள். முதலில் அது கேலிப் பெயராகவே வழங்கியது.

கூடுகையும் அறிக்கையும்

இது எப்படிப் பரவியது என்பதில் நாம் கற்க நிறைய உண்டு. இவர்கள் தனிச் சபை எதையும் தொடங்கவில்லை. தாங்கள் இருந்த அங்கிலிக்கன், மெதடிஸ்த, பிரெஸ்பிற்றேரியன், லூத்தரன் சபைகளிலேயே இருந்தார்கள். அங்கத்துவச் சீட்டு இல்லை, சந்தா இல்லை, தலைமைக் காரியாலயம் இல்லை. ஆசிரியர், வைத்தியசாலை ஊழியர், கமக்காரர் ஆகியோர் சிறு குழுக்களாக ஊர் ஊராகச் சென்றனர். தனி ஆளாய்ப் போவதில்லை, குழுவாகவே போவார்கள். போகும் ஊரில் உள்ள சகோதரர்கள் உணவும் படுக்க இடமும் கொடுப்பார்கள். குருமாரின் கையில் அல்லாமல் சாதாரண விசுவாசிகளின் கையில் இயக்கம் இருந்தது. பெண்களும் எழுந்து பேசினார்கள்.

இவற்றின் மையத்தில் இருந்தது வாராந்தக் கூடுகை. ஒரு வீட்டிலோ மரநிழலிலோ பத்து இருபது பேர் கூடுவார்கள். பாட்டும் வேத வாசிப்பும் இருக்கும். அதன் பின் ஒவ்வொருவரும் அந்த வாரத்தில் தம் வாழ்வில் நடந்ததைச் சொல்ல வேண்டும். மனைவியோடு சண்டையா? அயலவனோடு எல்லைத் தகராறா? திருப்பிக் கொடுக்காத கடனா? யாரையாவது வெறுக்கிறாயா? இப்படிப்பட்ட கேள்விகள் அங்கே எழும். இதை வெளிச்சத்தில் நடத்தல் என்று அழைத்தனர். யோவானின் முதலாம் நிருபத்திலிருந்து எடுத்த சொல் அது.

அறிக்கையோடு விடயம் முடிந்துவிடவில்லை. எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இதுதான் இந்த எழுப்புதலை ஊர் திரும்பிப் பார்க்கச் செய்தது. களவெடுத்த ஆட்டையும் மாட்டையும் உரியவரிடம் கொண்டுபோய்க் கட்டினார்கள். வைத்தியசாலையிலும் மிஷன் வீட்டிலும் எடுத்த பொருட்களைத் திரும்ப ஒப்படைத்தார்கள். இந்திய வணிகரின் கடைகளில் ஏமாற்றியதற்குரிய பணத்தைக் கொண்டுபோய் நீட்டினார்கள். கட்டாமல் மறைத்த வரியைக் கட்ட அரசாங்கக் கந்தோருக்குப் போனவர்களும் உண்டு. சகேயுவின் கதையை (லூக்கா 19) ஞாயிறு பாடசாலையிலிருந்து நாமெல்லாம் கேட்டு வருகிறோம். அவன் மரத்தில் ஏறியது எமக்கு நன்றாக நினைவிருக்கும். இறங்கி வந்து நாலத்தனையாகத் திருப்பிக் கொடுத்ததை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. இந்த மக்கள் கதையின் இரண்டாம் பாதியைப் பிடித்துக்கொண்டார்கள்.

இரண்டு மாடு மட்டும் வைத்திருப்பவன் அதில் ஒன்றைத் திருப்பிக் கொடுப்பது இலேசான காரியமல்ல. அவமானமும் வரும், அடியும் விழலாம், வழக்கும் வரலாம். அப்படியிருந்தும் செய்தார்கள். அதனால் என்ன விளைந்தது? காசு கையில் இல்லாத ஒரு கிராமத்தில் நம்பிக்கைதான் மூலதனம். விதை நெல் மாறுவதும், ஏர் இரவல் கொடுப்பதும், பிள்ளையை ஒரு வீட்டில் விட்டுவிட்டுச் சந்தைக்குப் போவதும் நம்பிக்கையில் நடப்பவை. பலோக்கோலே ஒருவரிடம் பணத்தையோ சாவியையோ கொடுக்கலாம் என்ற பெயர் மெல்ல மெல்ல உண்டாயிற்று. அவர்களைப் பிடிக்காதவர்கள்கூட அதை ஒத்துக்கொண்டனர்.

புதிய உறவு முறையும் உண்டாயிற்று. அந்தப் பகுதிகளில் ஒருவரின் குலமே அவருக்கு எல்லாம். திருமணம், காணி, மரணச் சடங்கு, உதவி எதுவானாலும் குலத்தாரே பார்ப்பர். எழுப்புதலில் சேர்ந்தவர்களைச் சொந்தக் குலத்தார் ஒதுக்கியபோது கூடுகையே அவர்களுக்குக் குலமாயிற்று. தொழில் தேடியோ கலவரத்துக்கு அஞ்சியோ அந்நிய இடத்துக்குப் போன ஒருவர், அங்கே பலோக்கோலே கூடுகையைத் தேடிப் பிடித்தால் அன்றிரவே அவருக்கு ஒரு வீடு கிடைத்தது. லுகண்டா மொழியில் அமைந்த ஒரு துதிப்பாடல் பல மொழிக்காரரிடையேயும் அடையாள வாழ்த்துப் போல வழங்கியது. மொழி தெரியாதவர்களும் அதைப் பாடி ஒருவரையொருவர் அறிந்துகொண்டார்கள்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். தன் பாவத்தைச் சொல்லும்போது அதில் பங்குகொண்ட மற்றவரின் பெயரும் வெளிவந்துவிடும். விபசாரத்தைச் சபை நடுவே பெயரோடு சொன்னதால் வீடுகள் கலங்கின. கிராமத் தலைவர்கள் இவர்களைக் குழப்பக்காரர் என்று பிடித்துத் தண்டித்தனர். அறிக்கையிடுவதே ஒருவகைப் பெருமையாகவும், இன்னும் அறிக்கையிடாதவரை நெருக்கும் ஆயுதமாகவும் மாறிய இடங்கள் உண்டு. ஒருவர் தன் தவறைத் திருத்தப் போய் மற்றொருவரைச் சந்தியில் நிறுத்துவது நீதியாகாது என்பதே எமது எண்ணம். இதை அந்த இயக்கத்தின் மூத்தோரும் காலப்போக்கில் உணர்ந்து, சொல்லவேண்டியதைச் சொல்லவேண்டிய இடத்தில் மட்டும் சொல்லுமாறு பழக்கினர்.

வீட்டுக்குள் வந்த மாற்றம்

புகண்டா நாட்டில் கோழியிறைச்சி, முட்டை, ஆட்டிறைச்சி ஆகியவற்றைப் பெண்கள் உண்ணக்கூடாது என்பது பழைய கட்டுப்பாடு. ஆண்கள் உண்பார்கள், சமைத்துக் கொடுத்த பெண் பார்த்துக்கொண்டிருப்பாள். பலோக்கோலே வீடுகளில் இந்தக் கட்டுப்பாடு கைவிடப்பட்டது. கணவனும் மனைவியும் பிள்ளைகளும் ஒன்றாக உட்கார்ந்து ஒரே உணவை உண்டார்கள். பிள்ளை பெறும் வயதிலுள்ள ஒரு பெண்ணுக்கு முட்டையும் இறைச்சியும் கிடைப்பது என்றால் என்ன என்பதை எமது குடும்பநல மருத்துவ மாதுவைக் கேட்டால் சொல்வார். போஷாக்குத் திட்டம் எதுவும் இல்லாமல், ஒரு சுகாதாரப் பரிசோதகரும் வராமல், ஒரு விசுவாச மாற்றம் இதைச் செய்தது. இந்த ஒரு செய்தியை மட்டும் வாசகர் நினைவில் வைத்தாலும் கட்டுரை வீண்போகாது என்பேன்.

குடிப் பழக்கமும் அப்படியே. அங்கே சோளத்திலும் வாழைப்பழத்திலும் பியர் வடிப்பார்கள். அறுவடையில் ஒரு பெரும் பங்கு அந்தப் பானைக்குள் போய்விடும். எழுப்புதலில் சேர்ந்தவர்கள் வடிப்பதையும் குடிப்பதையும் விட்டனர். மிஞ்சிய தானியம் உணவாயிற்று, மிஞ்சிய காசு பள்ளிக் கட்டணமாயிற்று. பின்னாளில் ஆசிரியர்களாகவும் தாதிமாராகவும் குருமாராகவும் வந்தவர்களில் கணிசமானோர் இந்த வீடுகளின் பிள்ளைகள். ஆனாலும் இதற்கும் ஒரு விலை இருந்தது. அயலவரைக் கூட்டி வேலை செய்வித்தால் பியர் கொடுப்பது வழக்கம். பியர் கொடுக்காதவன் வீட்டு வேலைக்கு ஊரார் வரமாட்டார்கள். ஆகவே சகோதரர்கள் தாங்களே ஒருவர் தோட்டத்தில் மற்றவர் மாறி மாறி வேலை செய்யவேண்டியதாயிற்று.

கடனைப் பொறுத்தவரை இயக்கம் மிகக் கண்டிப்பாக இருந்தது. கண்டிப்பு எல்லை மீறியதும் உண்டு. 1970களின் தொடக்கத்தில் உகண்டாவில் இயக்கம் பிளவுபட்டபோது, மீண்டும் விழித்தோர் எனத் தம்மை அழைத்துக்கொண்ட ஒரு பிரிவினர் கடன் வாங்குவதையே பாவமென்று விலக்கினர். குடித்துத் தீர்க்க வாங்கிய கடனையும் விதைக்க வாங்கிய கடனையும் ஒன்றாக நிறுத்துவது எந்தக் கமக்காரனுக்கும் பொருந்தாது. எனினும், சீட்டுக்காரரிடமும் வட்டிக்காரரிடமும் அகப்பட்டு நகையை அடைவில் விட்ட எம்மவர்க்கு, கடனைப் பற்றி ஒரு வழிபாட்டுக் குழு வெளிப்படையாகப் பேசியது என்பதே புதினமாயிருக்கும்.

சபை மேலிடத்தோடும் அவர்களுக்கு உரசல் இருந்தது. 1941இல் உகண்டாவின் முகோனோவிலுள்ள இறையியல் கல்லூரியில் 26 மாணவர்கள் வெளியேற்றப்பட்டனர். விடியற்காலையில் எழுந்து கூடி மன்றாடியதும், கல்லூரிக்குள் நடந்த களவையும் ஒழுக்கக்கேட்டையும் பகிரங்கமாகக் கண்டித்ததும் காரணங்கள். அந்த வேளையில் அவர்கள் பிரிந்து சென்று தனிச்சபை தொடங்கியிருக்கலாம். தொடங்கவில்லை. சபைக்குள்ளேயே இருந்தார்கள். பின்னாளில் அச்சபையின் ஆயர்களில் பலர் இந்த இயக்கத்திலிருந்தே வந்தார்கள்.

கென்யாவில் 1952

கென்யாவின் வளமான மேட்டு நிலங்களை வெள்ளைக்காரர் எடுத்துக்கொண்டிருந்தனர். கிகூயு மக்கள் தங்கள் சொந்த மண்ணில் குடியிருப்பாளராகவும் கூலிகளாகவும் ஆனார்கள். இதற்கு எதிராக எழுந்த மௌ மௌ இயக்கம் மக்களிடம் சத்தியம் வாங்கியது. 1952 ஒக்ரோபரில் குடியேற்ற அரசு அவசரகாலச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1954 தொடக்கம் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் தங்கள் சிதறிய வீடுகளிலிருந்து அகற்றப்பட்டு, அகழியும் முட்கம்பியும் சூழ்ந்த எண்ணூறுக்கு மேற்பட்ட புதிய கிராமங்களில் அடைக்கப்பட்டனர். அந்தக் கிராமம் எப்படியிருந்திருக்கும் என்பதை இந்தச் சஞ்சிகையின் வாசகருக்கு விவரிக்கத் தேவையில்லை.

எழுப்புதலைச் சேர்ந்த கிகூயு கிறிஸ்தவர் பலர் மௌ மௌ சத்தியத்தை எடுக்க மறுத்தனர். கிறிஸ்துவின் இரத்தத்தில் பங்குகொண்ட நாம் வேறு இரத்தச் சத்தியம் எடுக்கமாட்டோம் என்பது அவர்களின் நிலை. அதற்காகக் கொல்லப்பட்டோர் உண்டு. அதே ஆட்கள் அரசாங்கம் நீட்டிய துவக்கையும் வாங்க மறுத்தார்கள். ஆகவே அரசாங்கமும் அவர்களைச் சந்தேகித்தது. இரு பக்கத்தாரும் ஆள் கேட்கும்போது இரு பக்கத்துக்கும் இல்லையென்பது எவ்வளவு கடினம் என்பதை நாம் அறிவோம்.

அவர்களின் துணிவை மதிக்கும் அதேவேளை ஒரு குறையையும் கூறாமல் விடமுடியாது. காணி பறிபோனது ஒரு அநீதி என்பதைப் பற்றி அவர்கள் மிகக் குறைவாகவே பேசினார்கள். அயலவனிடம் களவெடுத்த மாட்டைத் திருப்பிக் கொடுக்கச் சொன்ன இயக்கம், ஒரு இனத்தாரின் காணி முழுவதையும் எடுத்தவர்களிடம் அதே கேள்வியைக் கேட்கவில்லை. பாவம் என்பது ஆளுக்கு ஆள் செய்வது என்றே அவர்கள் கண்டார்கள். சட்டமும் உறுதியும் வரைபடமும் கூடப் பாவத்தைத் தாங்கி நிற்கலாம் என்ற எண்ணம் அவர்களிடம் வளரவில்லை.

உகண்டாவில் பிற்காலத்தில் நிலை வேறாக இருந்தது. 1948இல் எழுப்புதலில் மனமாறிய ஜனானி லுவும் 1974இல் பேராயரானார். இடி அமீனின் ஆட்சியில் நடந்த கொலைகளைக் கண்டித்து ஆயர்கள் ஒன்றாகக் கடிதம் எழுதினர். 1977 பெப்ரவரி 16ஆம் திகதி பேராயர் கொல்லப்பட்டார். எழுப்புதலின் பேர்பெற்ற பேச்சாளரும் கிகேசியின் ஆயருமான பெஸ்டோ கிவெங்கேரே தம் மனைவியோடு மலைகளைக் கால்நடையாகக் கடந்து ருவாண்டாவுக்குத் தப்பி ஓடி, தாமும் ஒரு அகதியானார். அமீன் வீழ்ந்த பின் 1979இல் நாடு திரும்பினார்.

அட்டையும் கூடுகையும்

இனி மிகக் கடினமான பகுதிக்கு வருவோம். எழுப்புதல் தொடங்கிய ருவாண்டாவில் ஹூட்டு, துட்சி, துவா என்ற பிரிவுகள் முன்பே இருந்தன. ஒரே மொழி, ஒரே மலைகள். மாடு சேர்த்து வசதி பெற்ற ஹூட்டு காலப்போக்கில் துட்சியாக எண்ணப்பட்டதும் உண்டு. ஆட்சி செய்த பெல்ஜியர் 1933-34இல் ஒரு கணக்கெடுப்பை நடத்தி, ஒவ்வொருவரையும் நிரந்தரமாக ஒரு பிரிவில் பதிந்து, அதை அடையாள அட்டையில் எழுதிக் கொடுத்தார்கள். ஆண்டைக் கவனியுங்கள். கஹீனி மாநாட்டில் மக்கள் எழுந்து அழுது அறிக்கையிட்டு நாம் ஒரே குலம் என்று தழுவிக்கொண்ட அதே காலம். கூடுகை ஒன்று சொன்னது, அட்டை வேறொன்று சொன்னது. கூடுகை வாரத்துக்கு ஒரு நாள். அட்டையோ பாடசாலை அனுமதி, உத்தியோகம், வரி எல்லாவற்றுக்கும் வேண்டியதாயிருந்தது.

1959இல் வன்முறை வெடித்தது. துட்சிகளின் வீடுகள் எரிக்கப்பட்டன. பல்லாயிரம் பேர் அயல்நாடுகளுக்கு ஓடினர். வடபகுதியிலிருந்து விரட்டப்பட்ட குடும்பங்களை வாகனங்களில் ஏற்றிக் கொண்டுபோய் நியமாட்டா என்ற இடத்தில் இறக்கிவிட்டார்கள். நோய் பரப்பும் ஈக்கள் நிறைந்த, மனிதர் அதிகம் வாழாத பற்றைக்காடு அது. அங்கே காடு வெட்டிக் குடிசை போட்டுப் பயிர் வைத்து அவர்கள் மறுபடி தொடங்கினார்கள்.

அந்த மக்கள் மத்தியில் ஊழியம் செய்தவர் யோனா கனமுசேயி என்ற அங்கிலிக்கன் போதகர். எழுப்புதலில் உருவானவர், தாமும் ஒரு துட்சி. 1963 டிசெம்பரில், நாட்டைவிட்டு ஓடியோரில் ஆயுதமேந்திய ஒரு குழுவினர் புருண்டியிலிருந்து எல்லை கடந்து தாக்கினர். அதற்குப் பழிவாங்கலாக உள்ளே இருந்த துட்சிகள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டனர். 1964 தை மாதத்தில் ஒரு இரவு இராணுவத்தினர் யோனாவைப் பிடித்துச் சென்றனர். கொல்லப்படப் போவதை அறிந்த அவர், தம் குறிப்புப் புத்தகத்தில் எழுத அனுமதி கேட்டார். தம் கையிலிருந்த சபைப் பணம் எவ்வளவு என்ற விபரத்தை அதில் எழுதி, உரியவரிடம் அது சேரவேண்டுமென்று ஒப்படைத்தார். பின்பு ஆற்றுப் பாலத்துக்குக் கொண்டு சென்று அவரைச் சுட்டனர். அவரோடு பிடிபட்டுத் தப்பிய நண்பர் ஒருவரால் இது வெளியே தெரியவந்தது. மரணத்தின் வாசலில் நின்றுகொண்டு ஒரு மனிதர் கணக்கை ஒப்புவிக்கிறார். எழுப்புதல் எப்படிப்பட்ட மனிதரை உருவாக்கியது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஆனால் அந்த நியமாட்டாவுக்கு அடுத்த முப்பது ஆண்டுகளில் என்ன நடந்தது? 1994 ஏப்ரல் 6ஆம் திகதி ஜனாதிபதியின் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. அதைத் தொடர்ந்த ஏறத்தாழ நூறு நாட்களில் சுமார் எட்டு இலட்சம் பேர் கொல்லப்பட்டனர். பெரும்பாலானோர் துட்சிகள்; கொலைக்கு உடன்படாத ஹூட்டுக்களும் அவர்களுள் அடங்குவர். வீதித்தடைகளில் கேட்கப்பட்டது அந்த அட்டைதான். நியமாட்டாவில் அடைக்கலம் தேடிக் கத்தோலிக்க ஆலயத்துக்குள் புகுந்த ஆயிரக்கணக்கானோர் ஆலயத்துக்குள்ளேயே கொல்லப்பட்டனர். அந்த ஆலயம் இன்று நினைவிடமாக இருக்கிறது. அந்நாட்டு மக்களில் பத்துக்கு ஒன்பது பேர் அப்போது கிறிஸ்தவர்கள். கொன்றவர்களும் கொல்லப்பட்டவர்களும் ஞாயிறு தோறும் ஒரே வாங்கில் இருந்தவர்கள். ஒரு அங்கிலிக்கன் ஆயர் மீதுகூட சர்வதேச நீதிமன்றம் குற்றப்பத்திரம் தாக்கல் செய்தது. வழக்கு முடியுமுன் அவர் 2003இல் காவலில் இறந்தார்.

எழுப்புதல் பொய்யானதா என்று பலர் கேட்டிருக்கிறார்கள். அப்படிச் சொல்வது யோனாவுக்கும், 1994இல் தம் உயிரைப் பணயம் வைத்து அயலவரை ஒளித்து வைத்தவர்களுக்கும் நீதியாகாது. அதேவேளை, எல்லாம் கடைசி நாட்களில் ஜனங்கள் பின்வாங்கிப் போனதால் வந்தது என்று சொல்லித் தப்புவதும் சரியல்ல. எமக்குத் தோன்றுவது இதுதான்: கூடுகையில் ஒருவன் தன் அயலவனை வெறுப்பதை அறிக்கையிட்டான். அந்த அட்டையை ஏன் சுமக்கிறோம், பாடசாலையில் ஒரு பிரிவுப் பிள்ளைகளுக்கு ஏன் இடம் மறுக்கப்படுகிறது, வானொலி ஏன் அப்படிப் பேசுகிறது என்று கூடுகை ஒன்றாகக் கேட்கவில்லை. அரசியல் நமக்கு வேண்டாம் என்று ஒதுங்கியவர்களின் சபைத் தலைவர்கள் ஆட்சியாளரோடு நெருங்கி உறவாடிக்கொண்டிருந்தார்கள். வேண்டாமென்று ஒதுங்கியது மக்கள் மட்டுமே. இன்னொன்று: பெரும் தொகையாக மக்கள் சேர்ந்தபோது, ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கேட்கும் சிறு கூடுகை மங்கி, பெரிய ஆராதனையே மிஞ்சியது. பத்துப் பேருக்குள் மறைக்க முடியாத வெறுப்பை ஆயிரம் பேருக்குள் இலேசாக மறைக்கலாம்.

குழுவாகப் படிப்போருக்கு

மாதர் சங்கம், கமக்காரர் குழு, வேத வகுப்பு எதிலாவது இதைப் படிப்பவர்கள் முதலில் லூக்கா 19:1-10 பகுதியை வாசித்துவிட்டுத் தொடங்கலாம். ஆறு எட்டுப் பேருக்கு மேற்படாமல் பிரிந்து அமர்வது நல்லது. பெண்கள் தனியே பேச விரும்பினால் அதற்கும் இடம் விடுங்கள். பெயர் சொல்லி எவரையும் குற்றம் சாட்டாமல் பேச வேண்டும் என்பதை ஆரம்பத்திலேயே ஒத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் முதலில் சாப்பிடுவது யார், கடைசியில் மிஞ்சியதைச் சாப்பிடுவது யார்? வீட்டின் கடன் எவ்வளவு என்று கணவன் மனைவி இருவருக்கும் தெரியுமா? இடம்பெயர்ந்து ஓடிய நாட்களில் அவிழ்த்துவிட்ட மாடுகளும் விட்டுப்போன கதவு நிலைகளும் ஓடுகளும் நீரிறைக்கும் இயந்திரங்களும் யார் யாரிடமோ போய்ச் சேர்ந்தன. அவற்றுள் எதுவும் எங்கள் வளவில் இருக்கிறதா? இருந்தால், உரியவர் இன்னும் வந்து கேட்கவில்லை என்பது போதிய மறுமொழியா? எங்கள் காணியில் இன்று வேறொரு குடும்பம் பயிர் செய்தால், அல்லது நாம் இன்று பயிர் செய்யும் காணி இன்னொருவரின் உறுதியில் இருந்தால், அந்த இரு குடும்பங்களும் முதலில் யார் முன்னிலையில் உட்கார்ந்து பேசலாம்? எமது குழுவில் வேறு ஊரார், வேறு சாதியார், வேறு மதத்தார் இருக்கிறார்களா, இல்லையென்றால் அவர்கள் வராததற்கு நாம் சொல்லும் காரணம் எது, அவர்களைக் கேட்டால் அவர்கள் சொல்லும் காரணம் எது?

கடைசிக் கேள்வியை ஒரே அமர்வில் முடிக்க முயலவேண்டாம். அடுத்த கூட்டத்துக்கு முன், அந்த வராதவர்களில் ஒருவரையாவது வீட்டில் போய்ச் சந்தித்துக் கேட்டு வருவதற்கு இருவரை நியமியுங்கள்.